நோகாத இடம்

நண்டுக் கொம்பனியில் கடைசி மேசை என்னுடையது.
உரித்த சதையை நீல விளக்கின் கீழே பரப்பினால்
சும்மா பார்க்கத் தெரியாத ஓட்டுத் துண்டுகள்
வெள்ளையாய் மினுங்கும்.
எட்டு வருஷம். ஒரு துண்டும் என்னைத் தாண்டி
அமெரிக்காவுக்குப் போனதில்லை.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்,
வெளிச்சத்துக்குள் கணவாய் மை கக்கியது.
விளக்கைத் துடைத்தேன். விளக்கில் இல்லை.
இடது கண்ணைப் பொத்தினேன், மை போய்விட்டது.
வலதைப் பொத்தினேன்:
மேசை, சதை, எதிரே நின்ற மெற்றில்டா,
எல்லாம் கலங்கின தண்ணிக்குள்.

நோகவில்லை.
அதைத்தான் டொக்டரிடமும் சொன்னேன்.

நோ எனக்குத் தெரியும், டொக்டர்.
கைக்குழந்தையிலேயே விரல்கள் உப்பி அழுதேனாம்.
தொடையெலும்புக்குள் ஆரோ மரை இறுக்குகிற மாதிரி வரும்.
மழைக்கு முதல் வரும், காய்ச்சலோடு வரும்,
பெரியண்ணாவின் கலியாணத்தன்று
பலகாரத் தட்டோடு நின்றபோது வந்தது.
என்ர இரத்தம் எதைச் செய்தாலும்
கத்திச் சொல்லிப்போட்டுத்தான் செய்யும்.
இதை மட்டும் ஏன் சொல்லாமல்?

அவர் கிளினிக் கொப்பியைப் புரட்டினார்.
'வருஷத்துக்கு ஒருக்காக் கண் காட்டச் சொல்லி எழுதியிருக்கே.'
எழுதியிருந்தது.
என் பதினெட்டு வயதுப் பக்கத்தில்
அரிவாள் என்ற சொல்லுக்குக் கீழே.
(அம்மா அதைத் தாக்கத்தி வருத்தம் என்பா.
எங்கள் வீட்டில் ஒருவரும் நெல் வெட்டினதில்லை.)

கையில் மஞ்சள் மருந்து ஏற்றி
நாடியைத் தட்டில் வைக்கச் சொன்னார்கள்.
நீல வெளிச்சம். திரும்பவும் நீல வெளிச்சம்.
இந்தமுறை விளக்கின் கீழே நான்.
படத்தில், ஓரமாய், இரத்தம் போகாத கறுப்புத் தரை.
அதன் கரையில்
வெள்ளையாய் மினுங்கிக்கொண்டு ஒரு செடி.
'கடல் விசிறி எண்டு சொல்லுவம்.'

ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குக் குழாய்த் தண்ணி வராவிட்டால்
இரவோடு இரவாய்க் கள்ள இணைப்பு எடுப்பார்கள்.
மெல்லிய பைப். ஒழுகும், ஒருநாள் வெடிக்கும்,
வழியெல்லாம் சேறு.
என் கண் செய்ததும் அதுதான்.
தாகத்துக்குச் செய்தது. நான் திட்டவில்லை.

அட்டை பிடிக்கச் சுழியோடும் தம்பியிடம் கேட்டேன்,
கடல் விசிறி எப்படி இருக்கும் என்று.
'ஊதா. சிலது மஞ்சள்.
நீரோட்டத்துக்குக் குறுக்க நிக்கும்.'
சோற்றைப் பிசைந்தபடி கொஞ்சம் யோசித்தான்.
'வடிவு, அக்கா.'

லேசர் பச்சை.
எண்ணினேன், இருநூற்றுப் பதினொன்றில் விட்டுவிட்டேன்.
வலது கண் தப்பியது.
இடதுக்கு, தலையை உயர்த்திப் படுங்கோ,
இரத்தம் கீழே இறங்கும் என்றார்கள்.
மூன்று தலையணை, ஐந்து மாதம்.
கொஞ்சம் இறங்கியது.
பிறகு விழித்திரை கழன்றது.
அதுவும் நோகவில்லை.

இப்போது விரலால் தடவிப் பார்க்கிற மேசை.
சம்பளம் குறைவு.
ஓட்டுத் துண்டு நகத்தடியில் குத்தும்போது
நன்றி என்று சொல்லத் தோன்றும்.

இன்றைக்கு ஷெரோமியைக் கூட்டிப் போனேன்.
வீட்டில் கடைசி. பதினாறு வயது.
என்ர இரத்தம்தான் அவளுக்கும்.
'எனக்குக் கண் நல்லாத் தெரியுது,
கெமிஸ்ற்றி வகுப்புப் போகுது' என்று
சொட்டு மருந்து விடும்வரை முறைத்தாள்.
கண்மணி விரிந்தபின் முறைக்கவும் ஏலாமல் போயிற்று.
'ஒண்டும் இல்லை. வாற வருஷம் வாங்கோ.'
திகதியை இரண்டுதரம் எழுதச் சொன்னேன்,
ஒன்று கொப்பியில், ஒன்று என் உள்ளங்கையில்.

ஆஸ்பத்திரி வீதியில் வெயில் சுண்ணாம்பாய் விழுந்தது.
இருந்த ஒரு கறுப்புக் கண்ணாடியை அவள் போட்டுக்கொண்டாள்.
பிறகு, ஒருவரும் சொல்லாமலே,
என் இடது பக்கத்துக்கு மாறி நின்றாள்.

பஸ் ஒன்று வருகிறது.
ஊர்காவற்றுறையோ, குறிகட்டுவானோ,
பலகை இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
கையைக் காட்டினோம்.